அடப்பங்கொடி எங்கே கட்டியிருக்கிறது

போன மாதம் புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளை ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் அவளுக்கு முதல் போஸ்டிங். குரலில் ஒரே பதற்றம். இங்கே வருகிறவர்கள் கையிலும் காலிலும் ஏதோ ஒரு இலையை அப்பிக்கொண்டும் கட்டிக்கொண்டும் வருகிறார்கள், கழுவிவிட்டு மருந்து போடவா, அப்படியே விடவா என்று கேட்டாள். நான் அடுப்பில் மீன்குழம்பை வைத்துவிட்டு நின்றேன். "கழுவாத, விடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

குழம்பு கொதித்து இறங்குவதற்குள் எனக்கு மனது கேட்கவில்லை. நான் சொன்னது பாதிப் பதில். இதே இலையைப் பற்றி ஒரு காலத்தில் எனக்கு முழுப் பதில் கிடைத்தது. நான்தான் அதில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். அதனால் ஒரு மனிதன் இரண்டு கால்களையும் இழக்கப் பார்த்தான். மீதிப் பாதியைப் போனில் சொல்லித் தீராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமில்லை, தூத்துக்குடிக் கடற்கரைக்கு வேலைக்கு வந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும்.

என் சொந்த ஊர் நாசரேத். தேரி என்கிற செம்மணல் மேட்டையும் பனையையும் பார்த்து வளர்ந்தவள். கடல் என்பது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. முப்பத்தொரு வருடம் நர்ஸ் வேலை பார்த்ததில் கடைசிப் பத்து வருடம்தான் கடலோரம், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு ஊரில். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

அந்த நிலையத்துக் கேட்டின் இடதுபக்கம் மணலில் ஒரு கொடி படர்ந்து கிடக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அடப்பங்கொடி. இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்பு மாதிரி இருக்கும். காலையில் ஊதாப் பூ விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். பங்களா வீடுகளில் தரையை மூடுவதற்கென்று காசு கொடுத்துச் செடி வாங்கித் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். இதற்கு அதெல்லாம் வேண்டாம். உப்புக் காற்றிலும் கொதிக்கிற மணலிலும் தன்பாட்டில் தரையை மூடிக்கொண்டு, மணல் பறக்காமல் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், காடு மாதிரி கிடக்கிறது, வெட்டிவிடலாமே என்பார். வெட்ட விடாதீர்கள். அதை அங்கே ஊன்றியது நான்தான். அதற்குக் காரணம் ஒரு அவமானம்.

நான் அங்கே சேர்ந்த முதல் வாரம். கரைவலை இழுக்கிற ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். வலது கையில் முழங்கை வரைக்கும் சாட்டையால் அடித்த மாதிரி சிவப்புக் கோடுகள். வலையில் சொறி ஏறியிருக்கிறது. சொறி என்றால் நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்த ஜெல்லி மீன்தான். கோடுகளுக்கு மேலே பச்சைச் சாறு, இலைச் சக்கை, மணல் எல்லாம் ஒட்டிக் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம். காயத்தில் குப்பையைப் பூசிக்கொண்டா வருவது என்று திட்டிக்கொண்டே, சுத்தமான தண்ணீரை ஊற்றி, பஞ்சு வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அவர் அலறிய அலறலில் மாத்திரை வாங்க நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பக்கத்து அறையில் சித்த மருத்துவப் பிரிவு. அங்கிருந்த டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சித்த டாக்டர் என்றே சொல்கிறேன். அவர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். சொறியின் நூல் தோலில் இன்னும் ஒட்டியிருக்கிறது, அதில் விஷப்பைகள் உடையாமல் காத்திருக்கின்றன, நல்ல தண்ணீர் பட்டாலும் தேய்த்தாலும் எல்லாம் ஒன்றாக உடையும், கடல் தண்ணீரால்தான் கழுவ வேண்டும் என்று, யார் காதிலும் விழாத குரலில் என்னிடம் சொன்னார். ஆளை விட்டு ஒரு வாளி கடல் தண்ணீரும் கொஞ்சம் கொடியும் கொண்டுவரச் சொன்னார். தேய்க்காமல் ஊற்றினார். மிச்சமிருந்த நூலை இடுக்கியால் எடுத்தார். பிறகு இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரின் முகம் தெளிந்தது. நானும் என் பங்குக்கு ஊசி போட்டேன். அவர் போகும்போது டாக்டருக்குக் கும்பிடு போட்டார், என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அன்று மாலை கிளம்புகிற நேரத்தில் நானே போய் டாக்டரிடம் கேட்டேன். அவர் அந்தக் கொடியைப் பற்றிச் சொன்னார். சொறிக்கடிக்குச் சாறு. வீக்கத்துக்கும் மூட்டுக் கடுப்புக்கும், விளக்கெண்ணெய் தடவித் தணலில் வாட்டிச் சூட்டோடு கட்டுவது. தலைமுறையாக இந்தக் கரைக்காரர்கள் செய்வதுதான், நாம் அதை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது என்றார். கடைசியாக இன்னும் ஒரு வாக்கியமும் சொன்னார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

மறுவாரமே கடற்கரையிலிருந்து தண்டு வெட்டி வந்து கேட்டருகே ஊன்றினேன். அன்றிலிருந்து நான் அடப்பங்கொடிக்கு வக்கீல். யார் இலை கட்டிக்கொண்டு வந்தாலும், நல்ல காரியம் செய்தாய் என்பேன். புதிதாக வந்த ஒரு டாக்டர் முகம் சுளித்தபோது அவருக்கே பாடம் எடுத்தேன். ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தவள் மறுபக்கம் சாய்ந்து விழுந்தேன் என்பது அப்போது புரியவில்லை.

இப்படிச் சில வருடம் போனபிறகு ஒரு புதன்கிழமை மிக்கேல் வந்தார்.

புதன்கிழமை என்றால் உங்களுக்கே தெரியும், தடுப்பூசி நாள். பிள்ளைகள் அழ, தாய்மார் கூட நிற்க, நமக்குக் கை பத்தாது. மிக்கேல் சங்கு குளிக்கிறவர். முத்துக்குப் பேர் போன கடல் என்பார்கள். இப்போது முத்து இல்லை, கடலடியில் இறங்கிச் சங்கு பொறுக்கி வருகிறார்கள். நல்ல ஆகிருதியான ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். கூட அவர் மனைவி ரெஜினா. உப்பளத்து வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், பாதத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. வலது தோள் கடுக்கிறது என்றார் மிக்கேல். சட்டையை விலக்கிப் பார்த்தேன். வாட்டிய இலையைப் பக்குவமாக அடுக்கி, பழைய சேலைத் துணியால் கட்டியிருந்தது.

யார் கட்டியது என்று கேட்டேன். இவள்தான் என்றார். அவ்வளவுதான், எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற பெண்களைக் கூப்பிட்டு, பாருங்கள், கட்டினால் இப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டினேன். ரெஜினாவுக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை. வலி மாத்திரை நாலு கொடுத்து, இலையை விடாமல் கட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தோள் எப்போது கடுக்கத் தொடங்கியது, கடலில் இறங்கிய அன்றா, மறுநாளா, எவ்வளவு ஆழம் போகிறார், எப்படிப் போகிறார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம். நான் கேட்கவில்லை என்பதுதான் என் விஷயம்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், லோடு ஆட்டோவில் மிக்கேலைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். கூடப் படகில் போனவர்கள் நாலு பேர், தலைமாட்டில் ரெஜினா. எங்கள் ஆங்கில மருத்துவ டாக்டர் கலெக்டர் ஆபீஸில் கூட்டத்துக்குப் போயிருந்தார். சித்த டாக்டருக்குச் சனிக்கிழமை வேறு ஊரில் முறை. நிலையத்தில் மருந்தாளுநரும் நானும் மட்டும்.

மிக்கேல் தெளிவாகத்தான் பேசினார். "நர்சம்மா, காலு ரெண்டும் என்னுது மாரி இல்ல" என்றார்.

பேனா முனையால் பாதத்தில் குத்தினேன். தெரியவில்லை. முழங்காலில், தொடையில், தெரியவில்லை. தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே வந்தபிறகுதான் முகத்தைச் சுளித்தார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, அடிவயிறு உப்பியிருந்தது. இரண்டு தோளிலும் பச்சைக் கறை. இடுப்பில் இலைக்கட்டு. இரண்டு முட்டியிலும் இலைக்கட்டு. அத்தனையும் நான் வரிசைக்குக் காட்டிப் பாராட்டிய அதே பக்குவமான கட்டு.

என்ன நடந்தது என்று கேட்டேன். வாயு பிடித்திருக்கிறது என்றார்கள். எப்படி இறங்கினார் என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவன்தானே என்றார்கள், நாலு பேரும் ஒரே மாதிரி. படகின் சொந்தக்காரர், ஐம்பது வயதிருக்கும், அவர்தான் அந்தக் கூட்டத்துக்குப் பொறுப்பு. அவர் ஒரு ஊசி மட்டும் போட்டுத் தரச் சொன்னார். "படகு கரையிலயே நிக்கி. மறுபடி பத்து பாகத்துல இறக்கி, அரை மணி நேரம் கீழ வச்சிருந்து, மெள்ள மெள்ள மேல கொண்டுவந்தா சரியாப் போவும். எப்பவும் அப்படித்தான் பண்ணுதோம்" என்றார். பத்து பாகம் என்றால் அறுபது அடி ஆழம்.

அரை மணி நேரம் எந்த மனிதன் மூச்சை அடக்குவான்? படகில் கம்ப்ரசர் இருக்கிறது, டயருக்குக் காற்றடிக்கிற மாதிரி ஒரு எந்திரம், அதிலிருந்து வரும் காற்றுக் குழாயை, அவர்கள் பேச்சில் ஓஸை, வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்பது அந்த ஒரு வார்த்தையில் வெளியே வந்துவிட்டது. அதற்கு அனுமதி கிடையாது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். கூட்டத்திலிருந்து வெளியே வந்து பேசினார். ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்று ரத்தத்தில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடாவைத் திறந்ததும் நுரைக்கிற மாதிரி அது குமிழியாகி நரம்பை அடைக்கிறது. மட்டமாகப் படுக்க வை, ஆக்சிஜனை முழுதாகத் திற, டிரிப் போடு, சிறுநீருக்குக் குழாய் போடு, எந்தக் காரணம் கொண்டும் கடலுக்குள் விடாதே என்றார். ஆளை உள்ளே வைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றி மெதுவாக இறக்குகிற அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், அது எங்கே என்று நான் பார்த்துச் சொல்கிறேன், ஆனால் அவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு ஆழம், எத்தனை தடவை, எத்தனை நாளாக, முதல் வலி எப்போது. பத்து நிமிடத்தில் கேட்டு வை என்று வைத்துவிட்டார்.

நான் கேட்டேன். கேட்டேன் என்றால் கத்தினேன். உங்கள் கம்ப்ரசர் எனக்குத் தெரியாதா, ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான், பொய்யா சொல்கிறீர்கள் என்று ஆடித் தீர்த்தேன். நாலு வாயும் இன்னும் இறுகிக்கொண்டன. ஒருவர் மட்டும், "நீங்க கேஸ் எழுதிப் போடுவீக" என்றார். இரண்டு பேர் மிக்கேலைத் தூக்கக் குனிந்தார்கள். ஆட்டோவின் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிள்ளைகளே, நெருக்கடியில் என் கோபம் எனக்கு ஒரு தடவைகூட உதவியதில்லை. அன்றைக்கும் அது செய்த வேலை, எனக்குத் தேவையான பதிலை இன்னும் ஆழத்துக்குத் தள்ளியதுதான். அவர்கள் குனிந்ததைப் பார்த்ததும் என் குரல் தானாகவே இறங்கிவிட்டது. நான் ரெஜினா பக்கம் திரும்பினேன்.

"ரெஜினா, அன்னைக்குப் புதன்கிழமை நீ கூட்டிட்டு வந்தப்பவே இது தொடங்கிட்டு. நான் இலையைப் பாத்தேன், வலியைப் பாக்கல. உன்னைப் பாராட்டி அனுப்பிட்டேன். தப்பு என்னுது" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அரசாங்க நர்ஸ் ஒருத்தி இப்படிச் சொல்லி அவள் கேட்டிருக்க மாட்டாள். சொல்லி எனக்கும் பழக்கமில்லை. நான் கம்ப்ரசரைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "என்னைக்கு, எங்க இலை கட்டுன? அத மட்டும் சொல்லு."

அவள் படகுக்காரரைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிறுத்தாமல் சொன்னாள்.

"மொதல்ல வலது தோளு. நீங்க பாத்ததுக்கு ரெண்டு நா முந்தி, திங்கக்கெழம. அது வெள்ளிக்கெழம விட்டுட்டு. அடுத்த திங்க ரெண்டு தோளும். புதன் முழங்கை. நேத்து இடுப்பு. இன்னைக்குக் கரைக்கு வந்ததும் முட்டியில கட்டச் சொன்னாரு. குசினியில வாட்டி, தணலோட தணலாக் கொண்டுவந்து வச்சேன். என் கையே பொத்துப் போச்சு நர்சம்மா. வச்ச பொறவும் இவரு, எப்ப வைக்கப் போறன்னு கேக்காரு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொப்புளம்.

அதற்குப் பிறகு எல்லாரும் கேட்கும்படி இன்னொன்றும் சொன்னாள். இலை கட்டிய நாளெல்லாம் இவர் ஓஸோடு இறங்கிய நாள்தான், இலை கட்டாத நாள் வீட்டில் இருந்த நாள் என்று. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் நான் வேகமாக எழுதிக்கொண்டே போனேன். திங்கள் வலது தோள், இலை. திங்கள் இரண்டு தோள், இலை. புதன் முழங்கை. வெள்ளி இடுப்பு. சனி முட்டி, சூடு தெரியவில்லை. எழுதி முடித்துப் பார்த்தால் வியாதி எங்கே தொடங்கி எப்படி இறங்கி வந்திருக்கிறது என்பது வரிசையாகத் தெரிந்தது. நான் கேட்கத் தவறியதை எல்லாம் அவள் கை ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருந்தது.

அவள் பேசியபிறகு படகுக்காரர் ஒளிக்க ஒன்றுமில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பத்து பாகம் ஆழம், இன்றைக்கு நாலு தடவை, கடைசித் தடவை ஓஸ் மடங்கிக் காற்று நின்றுவிட்டது, பதறிப்போய் ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டான். அதையும் எழுதினேன். டாக்டர் திரும்பக் கூப்பிட்டபோது சீட்டை அப்படியே வாசித்தேன். அறை உள்ள மருத்துவமனையில் பேசிவிட்டார், ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் எட்டு மணி நேரப் பயணம் என்றார்.

எட்டு மணி நேரம் என்றதும் படகுக்காரர் மறுபடி நிமிர்ந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மிக்கேலைத் தம்பி மாதிரி வைத்திருந்தவர். ஆழக்கடல் படகில் அரை மணி நேரத்தில் இருக்கிறது, எட்டு மணி நேரம் வண்டியில் கிடந்து இவன் என்ன ஆவான், உறுதி சொல்லுவீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் உறுதி இல்லை. இல்லை என்றுதான் சொன்னேன்.

"ஆனா ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. இவரக் கீழ இறக்குதீக. வாயில இருக்க ஓஸ் நழுவிட்டு. மேல வாரதுக்கு எந்தக் காலால ஒதைப்பாரு?"

பதில் ரெஜினாவிடமிருந்து வந்தது. "நான் கட்டின இலையிலதான் இவரு வலி அமந்து அமந்து மறுநா கடலுக்குப் போனாரு. இனிம இவரத் தண்ணிக்குள்ள விட மாட்டேன். வண்டியில ஏத்துங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மிக்கேல் அவளுடைய கொப்புளக் கையைப் பிடித்துக்கொண்டு, சரி என்று தலையசைத்தார்.

அதன்பிறகு எல்லாம் நீங்கள் படித்துத் தேறிய வேலைகள்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஆம்புலன்ஸில் இருந்த ஆக்சிஜன் எட்டு மணி நேரத்துக்குக் காணாது. இன்னொரு பெரிய சிலிண்டரை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, தோளில் சுமந்து ஏற்றிவிட்டவர் அந்தப் படகுக்காரர்தான். நானும் கூடவே போனேன். அங்கிருந்த டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. என் சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இந்த 'இலை' என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அதை அப்படியே தன் ஃபைலில் சேர்த்துக்கொண்டு, ஆளை அறைக்குள் கொண்டுபோகச் சொன்னார்.

நான் மறுநாள் ஊர் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் ரெஜினா போனில் வந்தாள். "பெருவெரல ஆட்டுதாரு நர்சம்மா" என்றாள். நான் ஊசி போடுகிற அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எழுத எனக்கு வெட்கமில்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் பிரசவம் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ. அந்தப் பெருவிரல் அசைந்ததற்குப் பட்ட சந்தோஷம் எதற்கும் பட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து மிக்கேல் கம்பு ஊன்றி எங்கள் வாசல்படி ஏறினார். பிறகு கம்பும் போயிற்று. இடது கால் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் இழுக்கும். கடலுக்குப் போவதில்லை. சங்கு வாங்குகிற கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை. கையில் எடுத்த சங்கு எந்தப் பாரில், அதாவது எந்தக் கடலடிப் பாறைத் திட்டில், கிடந்தது என்று சொல்லிவிடுவார் என்று அவருக்கு அங்கே நல்ல மரியாதை.

அவர் நடந்து வந்த அன்று நான் சித்த டாக்டரின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் அந்த மாலையில் கடைசியாக ஒன்று சொன்னீர்களே, அது என்ன என்று கேட்டேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "இலை வலியைத் தணிக்கும், வலி ஏன் வந்துச்சுன்னு சொல்லாது. அதை நாமதான் கேக்கணும்னு சொன்னேன்" என்றார். இதை ஏன் உரக்கச் சொல்லவில்லை என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். "உரக்கத்தான் சொன்னேன். நீங்க பஸ்ஸுக்கு ஓடிக்கிட்டு இருந்தீங்க" என்று சிரித்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். என் தப்பையும் ஒரு மனிதனின் நல்ல காலத்தையும் சொன்னதாக மட்டும் இருந்திருக்கும். இதில் பெரிய காரியத்தைச் செய்தவள் ரெஜினா.

அந்தத் தெருவில் இலை கட்டுவதென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் அதை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. சொறி பட்டு வந்தால், கடல் தண்ணீர் ஊற்றினாயா என்று முதலில் கேட்பாள், பிறகு சாறு பிழிவாள். மூச்சு முட்டுகிறது, நெஞ்சை அடைக்கிறது என்றால் சாறு பிழிய நிற்காமல் எங்களிடம் ஓட்டிவிடுவாள். வயசாளிகளின் முட்டிக்கு எப்போதும் போல வாட்டிக் கட்டுவாள். கடலில் இறங்கிவிட்டு வந்தவனுக்கு மட்டும் கட்ட மாட்டாள். முதலில் பேச்சு வாங்கினாள். படித்தவள் மாதிரி நடக்கிறாள், நர்சம்மாவோடு சேர்ந்து கெட்டுவிட்டாள் என்று பெண்களே சொன்னார்கள். அவள் பதிலுக்கு மிக்கேலை எழுந்து நாலு எட்டு நடக்கச் சொல்வாளாம்.

நான் ஓய்வு பெற்ற அந்தக் கடைசி வாரம். காலை ஓ.பி. வரிசையில் இருபத்தைந்து வயதுள்ள ஒருவன் நின்றான். கையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு கட்டு. பிரித்துப் பார்த்தால் அடப்பங்கொடி இலை, அப்போதுதான் பறித்தது, வாட்டாதது. என்னலே இது என்று கேட்டேன்.

"மிக்கேல் அண்ணன் வீட்டு மைனி தந்தாக. 'ஓஸ் கடிச்சி எறங்குனவனுக்கு நான் கட்ட மாட்டேன். இத நர்சம்மாட்ட கொண்டு குடு, எங்க கட்டச் சொல்லி வந்தங்கிறத அவகட்ட சொல்லு'ன்னு அனுப்பிட்டாக" என்றான். எங்கே கட்டச் சொல்லி வந்தாய் என்றேன். கூச்சத்தோடு முழங்கையைக் காட்டினான். முந்தின நாள் சாயங்காலம் கரையேறியதிலிருந்து கடுக்கிறதாம்.

அவனைப் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்து, அந்த மருத்துவமனைக்கே அனுப்பினோம். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை, யாரும் ஒளிக்கவும் இல்லை. நாலாம் நாள் கையை வீசிக்கொண்டு வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். கால் மரத்துப்போகிற வரைக்கும் அவன் காத்திருக்க வேண்டி வரவில்லை. அதற்கு முன்னாலேயே ஒரு உப்பளத்துப் பெண் அவனைப் பிடித்துவிட்டாள். பிறகும் இப்படி இரண்டு மூன்று பேர் கையில் பச்சை இலையோடு வந்ததாகச் சொல்லக் கேட்டேன்.

ஆக, போனில் கேட்ட பிள்ளைக்கு முழுப் பதில் இதுதான். சொறி பட்ட இடத்தில் சாறு இருந்தால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காதே. மூச்சுத் திணறுகிறதா என்று மட்டும் பார். மூட்டில் இலை கட்டியிருந்தால் அவிழ்க்கும் முன்னால், என்றைக்குக் கட்டினாய், அதற்கு முந்தின நாள் எங்கே இருந்தாய் என்று கேள். கட்டியவள் கூட வந்திருந்தால் அவளையும் கேள். உனக்குத் தப்பு நேர்ந்திருந்தால் அதை முதலில் சொல்லிவிடு, வேலை சீக்கிரம் நடக்கும்.

ஒருவன் இலையைக் கட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், ரெஜினா அவனைப் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். அவனை வரிசையில் நிறுத்தாதே. படுக்க வைத்து, ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, அப்புறம் பெயரைக் கேள்.